கோட்டு சூட்டுடன் வந்த வில்லன்

1987-ஆம் ஆண்டு. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஜோயல் சில்வரின் மேஜை மேல் ஒரு துண்டுச்சீட்டு கிடக்கிறது. அதை வைத்துவிட்டுப் போனவர் அதுவரை ஒரே ஒரு சினிமாவில்கூட முகம் காட்டாத ஆங்கிலேய நாடக நடிகர். சீட்டில் இருந்த விஷயம் இதுதான்: கதையில் வருகிற வில்லன் வழக்கமான தீவிரவாதி உடுப்பில் வராமல், நல்ல சூட் போட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி வந்தால், பிணைக்கைதிகளில் ஒருவன் மாதிரி நடித்து அவன் கதாநாயகனையே ஏமாற்றலாமே!

என்ன துணிச்சல் பாருங்கள்! வாய்ப்பே இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. சினிமாப் படப்பிடிப்பு என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதற்குள் தயாரிப்பாளருக்கு உடை யோசனை! கொடுப்பதைப் போட்டுக்கொண்டு நடி என்கிற தோரணையில்தான் முதலில் பதில் வந்தது. மனிதர் ஒன்றும் பேசாமல் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு புதிய திரைக்கதை கைக்கு வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால், வில்லன் சூட் போட்டிருக்கிறான். பிணைக்கைதி வேடம் கட்டும் காட்சியும் இருக்கிறது. பிற்காலத்தில் அவரே மேடையில் சொல்லிச் சிரித்த கதை இது.

படம், 'டை ஹார்ட்'. வில்லன், ஹான்ஸ் குரூபர். நடிகர், ஆலன் ரிக்மன். 1988 ஜூலையில் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 42. ஹாரி பாட்டர் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அவர் பேராசிரியர் ஸ்னேப். அதற்கு முந்தைய தலைமுறைக்கு, கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுகிற அந்தத் தாடிக்காரர். உலக சினிமா கொண்டாடும் குணச்சித்திர நடிகர்களில் இவ்வளவு தாமதமாகச் சினிமா கேமராவுக்கு முன்னால் வந்து, இவ்வளவு ஆழமாக ஆட்கொண்டவர்கள் மிகச் சிலர்தான். அவருடைய படங்களின் திரைமறைவில் எட்டிப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஏனென்றால், எந்தப் படத்தின் பின்கட்டுக்குப் போனாலும் அங்கே நிற்பது அதே நாடகக்காரர்தான்!

முதலில் அந்தச் சூட்டுக்கு வருவோம். வசனத்தைப் பற்றியோ குளோசப் காட்சிகளைப் பற்றியோ கேட்காமல், ஒரு நடிகருக்கு முதலில் உடை ஏன் கண்ணில் படுகிறது? ரிக்மன் படித்தது நடிப்பு இல்லை, வரைகலை வடிவமைப்பு! 1946 பிப்ரவரி 21 அன்று மேற்கு லண்டனின் ஆக்டனில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயதானபோது அப்பா இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளையும் அம்மா ஒற்றையாளாக வளர்த்தார். செல்சி கலைக் கல்லூரியில் படிப்பு, அடுத்து ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், அதற்குப் பிறகு நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு வடிவமைப்புக் கூடம். எழுத்துருவும் அச்சும் பக்க அமைப்புமாகத் தொழில் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கை அந்தப் பாதையிலேயே போயிருந்தால் நமக்கு ஸ்னேப் கிடையாது. நினைத்தாலே பதறுகிறது!

26 வயதில் அவர் ஒரு கடிதம் எழுதினார். லண்டனின் புகழ்பெற்ற நடிப்புப் பள்ளியான ராடாவுக்கு, என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடம் அது. தொழிலை விட்டுவிட்டு 26 வயதில் மறுபடி மாணவராவது சாதாரண விஷயமா? இடம் கிடைத்தது. 1972 முதல் 1974 வரை அங்கே படித்தார். செலவுக்கு என்ன செய்தார் தெரியுமா? நாடக அரங்குகளில் பெரிய நடிகர்களுக்கு உடை மாட்டிவிடும் வேலை! நைஜல் ஹாதார்னுக்கும் சர் ரால்ஃப் ரிச்சர்ட்சனுக்கும் ஒப்பனை அறையில் கோட்டு பிடித்து நின்றிருக்கிறார். ஒரு மாபெரும் நடிகர், தன் சொந்தச் சட்டையைக் கழற்றிப் பாத்திரத்தின் சட்டைக்குள் கை நுழைக்கிற அந்த நிமிடத்தை இரவுக்கு இரவு ஓரடி தூரத்தில் நின்று பார்த்தவர் அவர். எந்த நடிப்புப் பள்ளியும் சொல்லித்தராத பாடம் அது என்பேன். உடை மாறும்போதே ஆள் மாறுவதை அத்தனை அருகில் பார்த்தவருக்கு, ஹான்ஸ் குரூபருக்கு என்ன உடை என்ற கேள்வி முதல் கேள்வியாக வராமல் எப்படி இருக்கும்?

குரல் விஷயம் இன்னும் சுவாரசியம். உலகமே கிறங்கிப்போன அந்தக் குரலைப் பற்றி ராடாவில் பயிற்சியாளர் சொன்னது என்ன? வடிகால் குழாயின் பின்பக்கத்திலிருந்து வருவது போல இருக்கிறதாம்! இறுக்கமான தாடையோடு பிறந்தவர் என்பதால் சொற்கள் வாய்க்குள்ளேயே உருண்டன. அதைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் உழைத்தார். குறையை மறைக்காமல், அதையே மெருகேற்றி ஓர் ஆயுதமாக மாற்றிக்கொண்டார். ஸ்னேப் ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, அடுத்த சொல்லுக்கு வகுப்பறையையே காக்க வைப்பாரே, அந்த இடைவெளிக்குப் பின்னால் இருப்பது இந்த உழைப்புதான்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம். வெளியூர் நாடகக் குழுக்கள், சின்னச் சின்ன வேடங்கள், 1978-இல் பிபிசி தொலைக்காட்சியின் 'ரோமியோ ஜூலியட்'டில் டைபால்ட், 1982-இல் 'பார்செஸ்டர் க்ரானிக்கிள்ஸ்' தொடரில் வழுக்கிக்கொண்டே பேசும் ஒரு பாதிரியார். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தார். மனம் ஒட்டவில்லை, விலகினார். பிறகு திரும்பிப் போனார். அப்படித் திரும்பிப் போனதில்தான் எல்லாம் இருக்கிறது.

1985-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'தி அதர் பிளேஸ்' என்ற தகரக் கொட்டகை அரங்கில் ஒரு புதிய நாடகம் ஏறியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தழுவி கிறிஸ்டோஃபர் ஹாம்ப்டன் எழுதிய 'லே லியாசோன் டான்ஜெரூஸ்'. பெண்களின் மனத்தை வைத்துச் சதுரங்கம் ஆடும் பிரபு வால்மோன் வேடத்தில் ரிக்மன். எதிரே லிண்ட்சே டங்கன், ஜூலியட் ஸ்டீவன்சன். தகரக் கொட்டகையில் தொடங்கிய நாடகம் லண்டனுக்குப் போனது. அங்கிருந்து 1987-இல் நியூயார்க்கின் பிராட்வேக்கு! அங்கே டோனி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் ரிக்மன் பெயர் ஏறியது. அந்த நாடகத்தில்தான் ஜோயல் சில்வர் தரப்பின் கண்ணில் பட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் கால் வைத்து இரண்டே நாளில் 'டை ஹார்ட்' வாய்ப்பு வந்தது. அவருடைய முதல் எண்ணம் என்ன தெரியுமா? அடிதடிப் படமா, நானா, முடியாது! நண்பர்கள்தான் பிடித்துத் தள்ளினார்கள். அந்த முகம் தெரியாத நண்பர்களுக்கு ஒரு கும்பிடு.

ஒரு வலியையும் இங்கே சொல்லியாக வேண்டும். வால்மோன் நாடகத்தை ஹாலிவுட் படமாக எடுத்தது. மேடையில் அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய ரிக்மனைக் கூப்பிடவில்லை. 1988 டிசம்பரில் வந்த 'டேஞ்சரஸ் லியாசன்ஸ்' படத்தில் வால்மோன் ஆனவர் ஜான் மால்கோவிச். அடுத்த ஆண்டே அதே கதையை மிலோஷ் ஃபோர்மன் எடுத்தார். அதில் காலின் ஃபர்த். எத்தனையோ இரவுகள் உயிர் கொடுத்த வேடம் இரண்டு முறை திரைக்குப் போனது, இரண்டு முறையும் அவர் இல்லாமல். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் 'டை ஹார்ட்'டை மறுபடி போட்டுப் பாருங்கள். குரூபர் நடக்கும் நடையில், சூட்டின் தரத்தைப் பற்றி ஒரு கோடீஸ்வரரிடம் நாசூக்காகப் பேசும் பேச்சில், கொலை செய்யும்போதும் கலையாத அந்த மேட்டிமையில், வால்மோன் பிரபுதான் உலாத்துகிறார்! திரை அவருக்கு மறுத்த பாத்திரத்தைக் கைத்துப்பாக்கியோடு உள்ளே கொண்டுவந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

படப்பிடிப்புக்கு வாருங்கள். கதையில் நகடோமி பிளாசா என்று வருகிற கட்டடம், உண்மையில் லாஸ் ஏஞ்சல்ஸில் படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் புத்தம்புதிய ஃபாக்ஸ் பிளாசா. உள்வேலை முடியாத மாடிகளிலேயே சண்டைக் காட்சிகளை எடுத்தார்கள். நாடகத்திலிருந்து வந்தவருக்குத் துப்பாக்கிச் சத்தம் பழக்கமில்லை. விசையை அழுத்தும்போதெல்லாம் முகம் தன்னால் சுளித்தது. இயக்குநர் ஜான் மெக்டியர்னன் என்ன செய்வார்? சுளிக்கிற கணத்துக்கு முன்பே காட்சியை வெட்டி வேறு பக்கம் திருப்பிவிட்டார். உலகமே நடுங்கிய அந்தக் கொடூர வில்லன், வெடிச்சத்தத்துக்குக் கண்ணை இறுக்கி மூடியவர்! எத்தனை அழகான ரகசியம்!

அந்தப் பிணைக்கைதி காட்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திரைக்கதையில் நாயகனும் வில்லனும் கடைசி வரை நேருக்கு நேர் சந்திக்காமல் இருந்தது எழுத்தாளர் ஸ்டீவன் டி சூசாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் ரிக்மன் அமெரிக்க உச்சரிப்பில் பேசிக் காட்டுவது அவர் காதில் விழுந்தது. போதாதா? சூட் ஏற்கெனவே இருக்கிறது, இப்போது உச்சரிப்பும் கிடைத்துவிட்டது. குரூபர் திடீரென்று பில் கிளே என்ற பயந்த அமெரிக்க ஊழியனாக மாறி, நாயகன் புரூஸ் வில்லிஸ் முன்னால் நின்று கெஞ்சுகிறார். ஓர் ஆங்கிலேயர் ஜெர்மானியராக நடிக்கிறார், அந்த ஜெர்மானியர் அமெரிக்கராக நடிக்கிறார். தோள் குறுகுகிறது, கண் அலைகிறது, குரல் ஒரு படி மேலே ஏறுகிறது. ஒப்பனை மாற்றம் கிடையாது, விளக்கு மாற்றம் கிடையாது. மேடையில் பழகிய உடம்பு மட்டும்தான் அத்தனையையும் செய்கிறது. அடிதடிப் படத்தின் நடுவில் இப்படி ஒரு நாடகம்!

சரி, நீங்கள் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த விழுதல்! முப்பதாவது மாடி சன்னலிலிருந்து குரூபர் பின்புறமாக விழும் காட்சி. ரிக்மனையே விழ வைத்து எடுக்க வேண்டும் என்பது இயக்குநரின் பிடிவாதம். செட்டில் உயரத்தில் அவரைப் பிடித்துத் தொங்கவிட்டார்கள். கீழே காற்றடைத்த மெத்தை. முகத்துக்கு நேரே அதிவேகக் கேமரா. ஸ்டண்ட் ஆள் சொன்னார்: ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவோம், மூன்றில் விடுவோம். ரிக்மன் மனத்தைத் தயார்படுத்திக்கொண்டார். ஆனால் மூன்று வரவே இல்லை. அதற்கு முன்பே கையை விட்டுவிட்டார்கள்! திரையில் நாம் பார்க்கிற அந்த விரிந்த கண்கள், நடிப்பென்று நாம் வியந்த அந்தத் திகில், நிஜம். சுத்தமான, கலப்படமற்ற நிஜம். இதைப் படப்பிடிப்பின் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் மற்ற காட்சிகளாவது பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் என்று ரிக்மன் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லுவார். அவ்வளவு நிதானமும் கட்டுப்பாடும் கொண்ட நடிகரிடமிருந்து, அவர் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரே ஒரு நொடியைப் பிடுங்கிக்கொண்டது அந்தக் கேமரா.

அடுத்து 1991, 'ராபின் ஹூட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்'. நாட்டிங்ஹாம் ஷெரிஃப் வேடம் தேடி வந்தபோது மறுத்தார், மறுபடி கேட்டபோதும் மறுத்தார். பாத்திரத்தை என் இஷ்டப்படி செய்ய விடுவீர்களா என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் ஒப்புக்கொண்டார். கைக்கு வந்த வசனம் சுவையாக இல்லை. என்ன செய்யலாம்? நகைச்சுவைக் கலைஞரான தோழி ரூபி வாக்ஸையும் நாடகாசிரியர் பீட்டர் பார்ன்ஸையும் பிடித்தார். லண்டனில் ஒரு பீட்சா கடையில் திரைக்கதையை விரித்து வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இப்படிச் சொன்னால், அந்த இடத்தில் அப்படிச் செய்தால் என்று மூன்று நாடகக்காரர்களும் குஷியாகத் திருத்தினார்கள். வழியில் தென்படும் பெண்களுக்கு ஷெரிஃப் வரிசையாக நேரம் குறித்துக் கொடுக்கும் அந்த அட்டகாசமான நகைச்சுவை பிறந்தது இப்படித்தான். படப்பிடிப்பில் அதை இயக்குநரின் காதில் மட்டும் போட்டுவிட்டுக் கேமரா முன் அவிழ்த்துவிட்டார் ரிக்மன். செட்டில் இருந்த அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், மாலைக் காட்சியில் முன் வரிசை சிரிக்கும்போது நாடக நடிகருக்கு உச்சி குளிருமே, அது அவருக்கு நிச்சயம் குளிர்ந்திருக்கும்.

அந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா விருது. அதே விழாவில், 'ட்ரூலி, மேட்லி, டீப்லி' என்ற நெஞ்சை உருக்கும் சின்னப் படத்துக்காகச் சிறந்த நடிகர் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. அதில் அவர் செத்த பிறகும் காதலியிடம் திரும்பி வந்து வீட்டை ஆக்கிரமிக்கும் செல்லோக் கலைஞர். கத்திக் கூச்சல் போடும் ஷெரிஃபுக்கு விருது, காற்றைப் போல நடித்த காதலனுக்கு இல்லை! விருதை வாங்கும்போது, நுணுக்கம் மட்டுமே எல்லாம் இல்லை என்பதை இது நினைவூட்டும் என்ற பொருளில் பேசினார் ரிக்மன்.

1995-இல் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் கர்னல் பிராண்டனாக வந்து பெண் ரசிகர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். 1996-இல் தொலைக்காட்சிப் படமான 'ரஸ்புடின்' அவருக்கு எம்மியையும் கோல்டன் குளோபையும் தந்தது. ஆஸ்கர்? கடைசி வரை ஒரு பரிந்துரைகூடக் கிடையாது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பேசினால் கோபம்தான் வரும்.

1999-இல் வந்த 'கேலக்ஸி க்வெஸ்ட்' பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது. பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடித்துப் பெயர் வாங்கி, அந்தப் பெயரிலேயே சிறைப்பட்டுப்போன நடிகர் கூட்டத்தின் கதை. அதில் ரிக்மனுக்கு அலெக்ஸாண்டர் டேன் வேடம். ஒரு காலத்தில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டாக நடித்து மீண்டும் மீண்டும் கைதட்டல் வாங்கியவர், இன்று தலையில் ரப்பர் மண்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு கடைத் திறப்பு விழாக்களில் நிற்கிறார்! மேடையிலிருந்து வந்தவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் பயம் அது. அந்தப் பயத்தையே ரிக்மன் வேடமாகப் போட்டார். ரப்பர் மண்டைக்குக் கீழே அந்த முகத்தில் தெரியும் அலுப்பையும் ரோஷத்தையும் பாருங்கள். வெறுத்து வெறுத்துச் சொல்லி வந்த அதே பழைய வசனத்தை, சாகக் கிடக்கும் ஒரு வேற்றுகிரகவாசிக்காகக் கடைசியில் மனதாரச் சொல்லும் இடம் இருக்கிறதே! சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைக்கும்.

இனி ஸ்னேப். ஆஹா, ஸ்னேப்!

அந்த வேடம் முதலில் போனது டிம் ராத்திடம். அவர் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டதால் ரிக்மனைத் தேடி வந்தது. ஒப்புக்கொள்ளுமுன் அவர் கதையின் எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங்கோடு தொலைபேசியில் பேசினார். அப்போது ஹாரி பாட்டர் வரிசையில் மூன்று புத்தகங்கள்தான் வெளிவந்திருந்ததாக ரிக்மன் எழுதியிருக்கிறார். ஸ்னேப் நல்லவனா, கெட்டவனா, அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் எழுத்தாளரைத் தவிர யாருக்கும் தெரியாத காலம். ரௌலிங் கதையைச் சொல்லவில்லை. ஒரே ஒரு சின்னத் துப்பு மட்டும் கொடுத்தார். அதை ரிக்மன் யாரிடமும் சொல்லவில்லை. பத்து வருடம்! கோடிக்கணக்கான வாசகர்கள் இணையத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, படப்பிடிப்பில் தேநீர் குடித்தபடி விடையோடு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

இதன் விளைவு செட்டில் எப்படி இருந்தது என்று கற்பனை செய்யுங்கள். ஸ்னேப் இந்த இடத்தில் ஏன் திரும்பிப் பார்க்கிறார், ஏன் இந்தப் பையனுக்கும் ஆபத்துக்கும் நடுவில் போய் நிற்கிறார் என்று இயக்குநர்களுக்கே புரியாத தருணங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்கிற பாவனையில் ரிக்மனின் பதில். நான்கு இயக்குநர்கள் மாறினார்கள், எட்டுப் படங்கள் வந்தன. ஸ்னேப் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கடைசிப் பாகத்தில் அவர் ஹாரியின் அம்மா லில்லியைக் காலமெல்லாம் நேசித்தவர் என்பது அவிழும்போது, முதல் படத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். வகுப்பறையில் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கும் பார்வையில் வெறுப்புக்கு அடியில் ஒரு வலி ஒளிந்திருக்கிறது. 2001-இல் விதைத்ததை 2011-இல் அறுத்திருக்கிறார்! ஒவ்வோர் இரவும் கதையின் முடிவு தெரிந்தும் தெரியாததுபோல முதல் காட்சியைத் தொடங்குவதுதான் நாடக நடிகரின் அன்றாடத் தொழில். அந்தத் தொழிலைப் பத்தாண்டுக்கு நீட்டிச் செய்தவர் வேறு யார்?

உடையைப் பற்றிக் கேட்காமல் விடுவேனா! தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கழுத்துவரை ஏறும் பொத்தான்கள், மணிக்கட்டுவரை இறுகிய கைகள், தோளில் இறங்கும் கறுப்பு விக், கண்களில் கறுப்பு லென்ஸ். பத்து ஆண்டுகளும் மாறாத ஒரே உடுப்பு. மற்றவர்கள் படத்துக்குப் படம் புதுச் சட்டை போட்டார்கள், அவர் போடவில்லை. அந்த இறுக்கமான பொத்தான் வரிசையைப் பார்த்தால் எனக்கு ஜோயல் சில்வரின் மேஜைச் சீட்டுதான் ஞாபகம் வருகிறது. வரைகலைக்காரரின் கண்! வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் பார்வை வேறெங்கும் போகாது என்று தெரிந்தவர். மாயமந்திரமும் வண்ணமும் கொட்டிக் கிடந்த அந்தப் பிரமாண்டத்தின் நடுவில் அசையாமல் நின்று, அத்தனை கண்களையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

2005-இல் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அப்போது நான்கு படங்கள் முடிந்திருந்தன. ஸ்னேப்பை விட்டுவிடலாமா என்ற யோசனை அவருக்குள் ஓடியதை 2022-இல் வெளியான அவருடைய நாட்குறிப்புகள் சொல்கின்றன. தொடங்கியதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்துக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

இத்தனை கம்பீரத்துக்கும் அடியில் ஒரு குறும்புக்காரப் பையன் இருந்தான் என்றால் நம்புவீர்களா? 2004-இல் வந்த மூன்றாம் படத்தில், மாணவர்கள் எல்லோரும் பெரிய கூடத்தில் தூக்கப் பைகளில் படுத்துறங்கும் காட்சி. விளக்கு மங்கல். கேமரா உறங்கும் பிள்ளைகளின் மேல் மெல்ல ஊர்கிறது. பேராசிரியர்கள் தாழ்ந்த குரலில் தீவிரமாகப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். திடீரென்று அந்த நிசப்தத்தில் ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃபின் பைக்குள்ளிருந்து ஓர் அபானவாயுச் சத்தம்! பையன் துடித்துப்போகிறான், சுற்றியிருந்த பிள்ளைகள் புரண்டு புரண்டு சிரிக்கிறார்கள். பைக்குள் சத்தக் கருவியை மறைத்து வைத்திருந்தார்கள். ரிமோட் யார் கையில்? அந்தக் கறுப்பு அங்கிக்காரரின் கையில்! முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார் ஸ்னேப். இந்தக் காணொளித் துண்டு இணையத்தில் கிடைக்கிறது. பார்க்காதவர்கள் உடனே பாருங்கள்.

அதே ராட்கிளிஃப் வளர்ந்து மேடையேறியபோது, லண்டனோ நியூயார்க்கோ, அரங்கில் வந்து உட்கார்ந்தவர் ரிக்மன். படத்தில் பத்தாண்டு முறைத்த மனிதர், நிஜத்தில் அந்தப் பையன் நாடகக்காரனாவதைப் பார்ப்பதில் எத்தனை மகிழ்ந்திருப்பார்! அவர் சொந்த மேடையையும் விடவில்லை. 2002-இல் பழைய தோழி லிண்ட்சே டங்கனோடு 'பிரைவேட் லைவ்ஸ்' நாடகத்தை பிராட்வேயில் ஆடி மறுபடி டோனி பரிந்துரை வாங்கினார். நாடகமாக இயக்கிய 'தி விண்டர் கெஸ்ட்'டை 1997-இல் படமாகவும் இயக்கினார், எம்மா தாம்சனையும் அவருடைய நிஜத் தாய் ஃபிலிடா லாவையும் தாயும் மகளுமாகவே நடிக்க வைத்து. படித்த ராடாவின் துணைத் தலைவராகவும் இருந்தார். 2016 ஜனவரி 14 அன்று, 69 வயதில், கணையப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஹாரி பாட்டரின் ஒன்பதே முக்காலாம் நடைமேடைப் பலகையின் கீழ் ரசிகர்கள் பூக்களைக் கொண்டுவந்து குவித்தார்கள்.

ஆனால் அவரை நினைக்கும்போது நான் போய் நிற்க விரும்புகிற ஆண்டு 2011. அந்த ஜூலையில் கடைசி ஹாரி பாட்டர் படம் வெளிவந்து உலகமே அழுதது. அதே ஆண்டு நவம்பரில், 65 வயதில், 'செமினார்' என்ற புத்தம்புது நாடகத்தோடு பிராட்வேக்கு வந்துவிட்டார், இளம் எழுத்தாளர்களை வார்த்தையால் கிழிக்கும் ஆசிரியராக. அதே ஆண்டில் இன்னொரு வேடிக்கை. டேவிட் மிகாலெக் என்ற கலைஞர் நாடக நடிகர்களைச் சில நொடிகள் மட்டும் நடிக்க வைத்து, அதை அதிவேகக் கேமராவில் பிடித்து, பல நிமிடங்களாக இழுத்து, நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஓர் அரங்கத்தின் முகப்பில் பிரமாண்டமாகத் திரையிட்டார். ரிக்மனுக்கு அதில் கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு மேஜை, ஒரு தேநீர்க் கோப்பை. அவ்வளவுதான்! வசனம் இல்லை, அந்தக் குரலே இல்லை. கை கோப்பையை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு என்ன கோபமோ, கோப்பை பறக்கிறது, மேஜை தலைகீழாகக் கவிழ்கிறது. தேநீர் காற்றில் ஒவ்வொரு துளியாகப் பிரிந்து மிதக்க, 65 வயதுக்காரர் எத்தனை ஆசையாக, எத்தனை முழுமூச்சாக அந்த மேஜையைப் புரட்டுகிறார்!